பனிமலைக் கிளியும் வன்னிச் சுவரும்: ஓவியம் ஒரு பறவைக்கு எப்போது உதவுகிறது?

சொண்டைக் கொண்டுவந்து கொடுத்தால் காசு. நியூசிலாந்தின் தென்தீவில் கீயா என்ற மலைக்கிளிக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் இதுதான் நிலைமை. 1860களின் பிற்பகுதியில் தொடங்கிய அந்த வேட்டை 1970 அளவில்தான் ஓய்ந்தது. அதற்குள் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகள் கொல்லப்பட்டுவிட்டன. இன்று மிஞ்சியிருப்பவை 3,000க்கும் 7,000க்கும் இடையில் என்று மதிப்பிடுகிறார்கள். 2017இல் அதே நாட்டு மக்கள் வாக்களித்து, கீயாவை அந்த ஆண்டின் பறவையாகத் தெரிவு செய்தார்கள். அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அறிவித்ததும் அதே ஆண்டில்தான். இன்று ஓவியர்கள் அதை ஆசை ஆசையாக வரைகிறார்கள். வரைந்ததை விற்று, பாதுகாப்பு வேலைக்குக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

வட இலங்கையின் வன்னியில் உட்கார்ந்துகொண்டு இதை ஏன் எழுத வேண்டும்? எங்களிடம் பனிமலை இல்லை. மலை என்று நாங்கள் சொல்வதெல்லாம் காட்டுக்குள் தலைநீட்டும் பாறைக் குன்றுகள்தான். ஆனால் எங்கள் பிள்ளைகளும் பறவைகளை வரைகிறார்கள். சுற்றாடல் தினம் வந்தால் பாடசாலை தோறும் சித்திரப் போட்டி நடக்கும். 2019 கடைசியில் நாடு முழுக்க இளைஞர்கள் தூரிகையும் பூச்சு வாளியுமாக மதில்களில் இறங்கியபோது எங்கள் பக்கத்து மதில்களும் நிறம் மாறின. அப்படி வரைந்த படங்களால் எந்தப் பறவைக்காவது ஒரு நன்மை கிடைத்ததா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அதைக் கேட்பதற்குக் கீயாவின் கதை நல்ல இடம். ஒரே பறவையை வெறுக்கவும் விரும்பவும் ஒரே சமூகம் பழகிய கதை அது. இரண்டு காலத்திலும் படங்கள் இருந்தன.

முதலில் வெறுப்பு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஐரோப்பியக் குடியேறிகள் தென்தீவின் உயர்ந்த புல்வெளிகளில் செம்மறி ஆடுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். குளிர்காலத்தில் ஆடுகள் முதுகில் காயத்தோடு செத்துக் கிடந்தன. கீயாதான் ஆட்டின் முதுகில் ஏறிக் கொத்திக் கொழுப்பைத் தின்கிறது என்று மேய்ப்பர்கள் சொன்னார்கள். படித்தவர்களில் பலர் நம்பவில்லை. கிளி இறைச்சி தின்னுமா என்று நெடுங்காலம் வாதம் நடந்தது. 1908இல் இந்தப் பறவையைப் பற்றி வெளிவந்த ஒரு நூலின் தலைப்பே அதை நியூசிலாந்தின் ஒரு பிரச்சினை என்று சொன்னது. 1990களில் இரவு நேரத்தில் படம்பிடித்த பிறகுதான் சந்தேகம் முழுதாகத் தீர்ந்தது. உண்மைதான், சில கீயாக்கள் ஆட்டைக் கொத்துகின்றன. காயத்தில் கிருமி பட்டு, இரத்தம் நஞ்சாகி ஆடு சாகிறது. ஆனால் கொத்தியவை சில. சொண்டுக்குக் காசு கொடுத்தபோது கொத்தியது எது, கொத்தாதது எது என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

மேய்ப்பரின் கோபம் பொய்யல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். பறவைப் பாதுகாப்பு பற்றி எழுதுகிறவர்கள் பலர் இந்த இடத்தைத் தாண்டி ஓடிவிடுகிறார்கள். கச்சான் போட்ட காணிக்குள் மயில்கூட்டம் இறங்கினால் என்ன நடக்கும் என்று தெரிந்த ஊரில் இருந்துகொண்டு அப்படி ஓட முடியாது.

அந்த வேட்டை நடந்துகொண்டிருந்த காலத்திலேயே கீயாவுக்கு அழகான படம் வந்துவிட்டது. நியூசிலாந்துப் பறவைகளைப் பற்றி வால்டர் புல்லர் எழுதிய பெருநூல் 1870களில் முதற்பதிப்பாகவும், 1880களின் இறுதியில் விரிவான இரண்டாம் பதிப்பாகவும் வந்தது. அதற்கு ஜோன் கூலமன்ஸ் வரைந்த வண்ணப் படங்கள் இன்றும் நாட்காட்டிகளிலும் படச்சட்டங்களிலும் தொங்குகின்றன. லண்டனில் இருந்துகொண்டு, கப்பலில் வந்த பாடம்செய்த தோல்களைப் பார்த்து வரைந்தவர் அவர். இறகு இறகாகச் சரியாக இருக்கும். கீயாவும் அந்த வரிசையில் உண்டு. படம் அச்சாகி வீடுகளுக்குப் போன ஆண்டுகளில் மலையில் சொண்டுகள் எண்ணப்பட்டுக்கொண்டுதான் இருந்தன.

அதே நூலில் இன்னொரு படமும் இருக்கிறது, ஹூயா என்ற பறவைச் சோடி. ஆணின் சொண்டு குட்டை, பெண்ணின் சொண்டு நீண்டு வளைந்தது. கூலமன்ஸின் படங்களிலேயே அதிகம் பேர் அறிந்தது அதுதான். ஹூயாவை உறுதியாகக் கடைசியாகக் கண்டது 1907இல். இடையில் 1901இல் பிரித்தானிய இளவரசர் ஒருவர் அங்கே போய் ஹூயா வாலிறகைத் தொப்பியில் செருகிக்கொண்டார். உடனே எல்லோருக்கும் அந்த இறகு வேண்டும் என்றாகிவிட்டது. அழகென்று தெரிந்ததே அந்தப் பறவைக்கு வினையாகிப் போனது. புல்லரும் இந்தப் பறவைகள் எப்படியும் அழியத்தான் போகின்றன என்று எண்ணி, அழியுமுன் மாதிரிகளைச் சேர்த்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டவர்தான். அந்த மனநிலையில் வரைந்த படம் பறவைக்கு நினைவுக்கல்லாக மட்டுமே இருக்க முடியும்.

ஆகவே அழகாக வரைந்தால் மக்கள் நேசிப்பார்கள், நேசித்தால் காப்பாற்றுவார்கள் என்ற கணக்கு சரிவராது. பார்க்கிறவருக்கு அந்தப் படம் என்ன சொல்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கீயாவைத் தாளில் கொண்டுவருவது எப்படி என்று பார்த்தால் இது இன்னும் விளங்கும். சித்திர வகுப்பில் மலைக்கிளி வரையச் சொன்னால் எங்கள் பிள்ளைகள் கொய்யா மரத்துக் கிளியைத்தான் வரைவார்கள். பளிச்சென்ற பச்சை, சிவந்த சொண்டு, கழுத்தில் வளையம். கீயாவிடம் இதில் ஒன்றும் இல்லை. உடல் மங்கிய ஒலிவ் பச்சை, கிட்டத்தட்ட பாசி பிடித்த கல்லின் நிறம். ஒவ்வோர் இறகின் ஓரத்திலும் கறுப்புக் கோடு ஓடுவதால் செதில் போட்டதுபோல் தெரியும். சொண்டு சாம்பல் கலந்த கறுப்பு. மேல்சொண்டு ஒடுங்கி நீண்டு வளைந்திருக்கும், பெண்ணைவிட ஆணுக்குக் கொஞ்சம் நீளம். கிளைவிட்டுக் கிளை தாவிப் பழம் கொத்துவதற்கான சொண்டு அல்ல அது. மண்ணைக் கிளறிக் கிழங்கையும் புழுவையும் தோண்டுவதற்கானது. பறவை ஏறக்குறைய 48 சென்டிமீற்றர் நீளம், எடை ஒரு கிலோவை ஒட்டி வரும். தரையில் நடக்கும், பக்கவாட்டில் தத்தும்.

பஸ்டல் பெட்டியில் உள்ள பச்சையை அப்படியே தேய்த்தால் கீயா வராது. பச்சையைத் தேய்த்துவிட்டு அதன்மேல் மண்ணிறத்தை மெல்லப் பூசி விரலால் இழுக்க வேண்டும். ஒரு வகுப்பில் இதைச் செய்யச் சொன்னபோது ஒரு பிள்ளை மனம் வராமல் நிமிர்ந்து பார்த்தாள்.

“ரீச்சர், பச்சை ஊத்தையாப் போகுமே?”

“ஊத்தையில்லை பிள்ளை, கல்லுக்குள்ள இருந்தா நிறம் அப்பிடித்தான் இருக்கும். பருந்து மேலால போனாலும் காணாது.”

அவள் பூசினாள். பிறகு செட்டையை விரிக்கும் கட்டம் வந்தது. கீயா செட்டையை மடக்கி இருக்கும்வரை அந்த மங்கல் பச்சைதான். பறக்கும்போது செட்டையின் அடிப்பக்கம் செம்மஞ்சள், நெருப்புப் பற்றியதுபோல. முதுகின் கீழ்ப்பகுதியும் அதே நிறம். அந்தப் பிள்ளை செம்மஞ்சள் கட்டியை எடுத்தபோது வகுப்பே அவளுடைய மேசையைச் சுற்றி நின்றது. உறைபனிக்கு நிறம் பூசத் தேவையில்லை, பிறிஸ்டல் போட்டின் வெள்ளையை அப்படியே விட்டுவிட்டு நிழல் விழும் பக்கத்தில் மட்டும் நீலத்தைக் கொஞ்சம் தொட்டால் போதும் என்பது அவர்களுக்கு அடுத்த ஆச்சரியம்.

இப்படிப் பார்த்து வரைகிற பிள்ளை, வளர்ந்த பிறகு எந்தப் பறவையையும் கிளி, கொக்கு, காகம் என்று மூன்று சொல்லில் முடித்துவிடமாட்டாள். ஓவியத்தால் கிடைக்கும் முதல் நன்மை வரைகிறவருக்குத்தான் என்று நான் நம்புகிறேன். ஒளிப்படம் எடுக்கும்போது கண் சொண்டைத் தாண்டிப் போய்விடலாம். கையால் வரையும்போது சொண்டு எங்கே வளைகிறது என்று முடிவெடுத்தே ஆக வேண்டும்.

இது வரைகிறவருக்கு நடப்பது. பறவைக்கு நடக்க வேண்டியது வேறு. அதற்கு இன்றைய கீயாவைக் கொல்வது எது என்று தெரிந்திருக்க வேண்டும். துப்பாக்கியின் காலம் பெரும்பாலும் போய்விட்டது. 1970இல் ஓரளவு சட்டப் பாதுகாப்பும் 1986இல் முழுப் பாதுகாப்பும் கிடைத்தன. இப்போது பெரிய எதிரி ஸ்டோட். கீரியை ஒத்த சிறிய ஊனுண்ணி அது. முயல்களைக் கட்டுப்படுத்த 1880களில் கொண்டுவந்து விட்டார்கள். நியூசிலாந்தில் மனிதர் போகுமுன் வௌவாலைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டியே கிடையாது. ஆகவே அங்குள்ள பறவைகள் பலவற்றுக்கு மோப்பம் பிடித்து வரும் எதிரியைத் தெரியாது. கீயா கூடு கட்டுவது தரையில், பாறை இடுக்கிலும் மரவேரின் அடியிலும். முட்டை பொரிக்க மூன்று கிழமைக்கு மேல், குஞ்சு வெளியே வர இன்னும் மூன்று மாதம் அளவில். கிட்டத்தட்ட நான்கு மாதம் தாயும் குஞ்சும் ஒரே வாசல் உள்ள பொந்துக்குள் இருக்கின்றன. ஸ்டோட்டுக்கு வேறென்ன வேண்டும்? அந்தக் காடுகளில் வளரும் பீச் (beech) மரங்கள் சில ஆண்டுகளில் மொத்தமாக விதை தள்ளும். அந்த ஆண்டு எலி பெருகும், எலியைத் தின்று ஸ்டோட் பெருகும், விதை தீர்ந்து எலி குறைந்ததும் பசித்த ஸ்டோட்டுகள் கூடுகளைத் தேடும். ஒஸ்திரேலியாவிலிருந்து ரோமத்துக்காகக் கொண்டுவந்த பொஸம் என்ற மரமேறி விலங்கும், காட்டில் அலையும் பூனையும் இதோடு சேர்த்தி.

இன்னோர் ஆபத்தை எங்கள் ஆட்கள் உடனே விளங்கிக்கொள்வார்கள். தகரக் கொட்டிலில் சில வருடமாவது இருந்தவர்களுக்குக் கூரை ஆணியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் தகரங்களில் தண்ணீர் ஒழுகாமல் இருக்க ஆணிக்கு றப்பர் வாசர் போடுவோம். அங்கே மலைகளில் உள்ள பழைய குடில்களிலும் வீடுகளிலும் ஆணியின் தலையே ஈயம். கூரை மூட்டுகளிலும் ஈயத்தகடு. கீயா எதையும் கடித்துப் பார்க்கும் பறவை. காரின் கண்ணாடி றப்பரை உரிக்கும், பையின் சிப்பைத் திறக்கும், வீதியில் வைத்த எச்சரிக்கைக் கூம்புகளை இழுத்துக்கொண்டுபோய் வேறிடத்தில் விடும். ஈயம் மென்மையானது, நாக்குக்கு இனிப்பானது. கடித்துக் கடித்து உடலில் ஈயம் ஏறி, நரம்பு தளர்ந்து சாகின்றன. கட்டடம் கட்டடமாகப் போய் ஈய ஆணிகளைப் பிடுங்கி வேறு ஆணி அடிக்கும் வேலையை அங்குள்ள பாதுகாப்பு அமைப்புகள் செய்கின்றன. 2006இல் தொடங்கிய கீயா பாதுகாப்பு அறக்கட்டளை அதில் முக்கியமானது.

இந்தப் புத்திசாலித்தனமே கீயாவுக்கு ஆபத்தும் துணையுமாக இருக்கிறது. விளையாடும்போது அது எழுப்பும் ஒருவித ஒலியைக் கேட்டால், பக்கத்தில் சும்மா இருந்த கீயாக்களும் விளையாடத் தொடங்குகின்றன என்று 2017இல் ஆய்வாளர்கள் கண்டார்கள். தென்தீவின் மில்போர்ட் வீதியில் ஹோமர் சுரங்கத்துக்குப் பக்கத்தில், வாகனங்களுக்குள் வந்து மாட்டாமல் இருப்பதற்காக, கீயாக்கள் ஏறி ஆடிக் கலைத்துப்போட ஒரு விளையாட்டிடமே அமைத்தார்கள். உணவு கொடுப்பதும் கெடுதல்தான். சுற்றுலாப் பயணி ஒரு துண்டு பாணைப் போட்டால் கீயா வீதிக்கும் கட்டடத்துக்கும் பழகுகிறது. பழகியது சக்கரத்துக்கோ ஈயத்துக்கோ போய்ச் சேர்கிறது.

இப்போது யோசித்துப் பாருங்கள். பனிமலைப் பின்னணியில் கம்பீரமாக நிற்கும் கீயாவின் படம், சுவருக்கு அழகு. ஆணித்தலையைச் சொண்டால் திருகிக்கொண்டிருக்கும் கீயாவின் படம், வீட்டுக்காரரைக் கூரைக்கு ஏற்றும். பாணை நீட்டும் கையையும் பின்னால் வரும் காரையும் ஒரே படத்தில் வைத்தால், பார்த்தவர் பாணைப் பைக்குள் போட்டுக்கொள்வார். முதல் வகைப் படத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. விற்றுப் பணம் சேர்க்க அதுதான் தேவைப்படும். அமெரிக்காவில் 1934 முதல் ஆண்டுதோறும் வாத்து முத்திரை வெளியிடுகிறார்கள். அதில் வரும் ஓவியத்துக்குப் போட்டி வைக்கிறார்கள், வாத்து வேட்டைக்குப் போகிறவர் கட்டாயம் அந்த முத்திரையை வாங்க வேண்டும், சேரும் பணம் சதுப்பு நிலங்களை வாங்கப் போகிறது. இதுவரை நூறு கோடி டொலருக்கு மேல் சேர்ந்திருக்கிறது. அங்கே அழகான படமே போதும், ஏனென்றால் பணத்துக்கான வழி சட்டத்தில் இருக்கிறது. அப்படி ஒரு வழி இல்லாத இடத்தில் படம் தானே அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

படம் வேலை செய்வதென்றால் என்ன என்று வன்னியில் உள்ளவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மிதிவெடிப் படங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். பாடசாலைச் சுவரிலும், மீள்குடியேற்ற ஊர்களின் பொதுநோக்கு மண்டபங்களிலும் அந்தப் படங்கள் ஒட்டியிருந்தன. எந்த வெடி எந்த வடிவம், எந்த நிறம், எவ்வளவு பருமன், புல்லுக்குள் பாதி புதைந்திருந்தால் எப்படித் தெரியும் என்று வரைந்திருந்தார்கள். கீழே மூன்று விஷயம்: தொடாதே, கிட்டப் போகாதே, பெரியாக்களிட்டச் சொல். விறகு பொறுக்கப் போன பிள்ளை காட்டில் ஒன்றைக் கண்டு, படத்தில் பார்த்தது இதுதான் என்று நின்றுவிட்டுத் திரும்பி ஓடிவந்தால், அந்தப் படத்தை வரைந்தவர் ஓர் உயிரைக் காத்தார் என்றுதான் அர்த்தம். அங்கே நிறம் பிழைத்தால் மன்னிப்பில்லை. அந்தப் படத்துக்கு அழகு தேவைப்படவில்லை. சரியாக இருக்க வேண்டும், பார்க்கவேண்டியவர் கண்ணில் படவேண்டும், அடுத்து என்ன செய்வதென்று சொல்ல வேண்டும்.

பறவைக்கு வரையும்போதும் இதே மூன்றுதான் வேண்டும் என்பது என் எண்ணம். கரிபியன் தீவான சென் லூசியாவில் இதைச் செய்து காட்டினார்கள். அந்தத் தீவில் மட்டுமே வாழும் கிளி ஒன்று, சென் லூசியாக் கிளி, 1970களில் நூற்றுச் சொச்சமாகக் குறைந்துபோயிருந்தது. சுட்டார்கள், பிடித்து விற்றார்கள், காட்டையும் வெட்டினார்கள். போல் பட்லர் என்ற இளைஞர் வனத்துறையோடு சேர்ந்து வேலை தொடங்கினார். கிளியின் படம் சுவரொட்டியாக, சுவரோவியமாக, பாடசாலைக்கு வரும் கிளி வேடமாகத் தீவு முழுக்கப் பரவியது. 1979இல் நாடு சுதந்திரமடைந்தபோது அதுவே தேசியப் பறவையானது. உலகில் வேறெங்கும் இல்லாதது எங்களிடம் இருக்கிறது என்ற பெருமையை அந்தப் படங்கள் சாதாரண சனத்துக்குக் கொடுத்தன. ஆனால் படத்தோடு மட்டும் நிற்கவில்லை. வேட்டைக்கான தண்டனையைக் கூட்டினார்கள், காட்டைக் காத்தார்கள். கிளிகள் பல நூறாகப் பெருகின. சட்டமும் காவலும் முன்னாலும் பெயருக்கு இருந்தன. அவற்றைச் சனம் தங்களுடையதாக எடுத்துக்கொண்டது படங்கள் வந்த பிறகுதான்.

சரி, எங்கள் பக்கம் வருவோம். இந்தத் தீவில் பறவை ஓவியத்துக்குப் பழைய வரலாறு உண்டு. 1750களில் ஒல்லாந்து ஆளுநராக இருந்த லோட்டன், இலங்கையைச் சேர்ந்த டி பெவர் என்ற வரைஞரைக் கொண்டு இங்குள்ள பறவைகளை வரைவித்தார். அந்தப் படங்களைப் பார்த்து ஐரோப்பாவில் பறவைகளுக்குப் பெயர் வைத்தார்கள். நம் முற்றத்துச் செம்பரத்தையில் வந்து தேன் குடிக்கும் ஒரு தேன்சிட்டின் அறிவியல் பெயரில் லோட்டன் இன்னும் இருக்கிறார். வரைந்தவரின் பெயரை அறிந்தவர்கள் குறைவு. பிற்பாடு கண்டிப் பக்கத்தில் பிறந்த ஜி. எம். ஹென்றி தானே எழுதித் தானே வரைந்த பறவைக் கையேடு 1955இல் வந்தது. அந்தக் கையேடு பறவை பார்க்கக் கற்றுக்கொடுத்த தலைமுறைகள் உண்டு.

வன்னிக்குள் இன்று வரைய வேண்டியவை எவை? பறவைகளுக்காக ஒதுக்கிய இடங்கள் இங்கே பல. சுண்டிக்குளம் 1938இலேயே சரணாலயமானது, 2015இல் தேசிய பூங்காவாக உயர்ந்தது. கொக்கிளாய்க் களப்பு 1951இல், கட்டுக்கரைக்குளம் 1954இல், வங்காலை 2008இல். வங்காலையை 2010இல் உலக முக்கியத்துவம் உள்ள ராம்சார் ஈரநிலமாகவும் ஏற்றுக்கொண்டார்கள். மாரி தொடங்கும் காலத்தில் வடக்கே சைபீரியா வரையிலிருந்தும் பறவைகள் வந்து இறங்கும் பாதையின் கடைசித் தரிப்பு இந்தக் கரைகள். பூநாரையைச் சனம் வாகனத்தை நிறுத்திப் பார்க்கிறது. அதைப் பிள்ளைகள் வரைகிறார்கள், மகிழ்ச்சி. ஆனால் பூநாரையைத் தண்ணீரில் நிற்க வைத்து வரைவதோடு நிறுத்திவிடுகிறோம். அது இரவில் பறக்கும் பாதையில் குறுக்கே போகும் மின்கம்பியை யாரும் வரைவதில்லை. அது தின்னும் நுண்ணுயிர்கள் வாழும் உவர்நீர் எங்கிருந்து வருகிறது, எந்த மண் அணை அதை மறித்தது என்று யாரும் வரைவதில்லை. மன்னார்த் தீவில் காற்றாலைகள் எழுந்தபோது பறவைப் பாதையைப் பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. அந்த விவாதத்தில் ஊர்ச் சனத்தின் கையில் ஒரு நல்ல படமாவது இருந்திருந்தால், எந்தப் பறவை, எந்த மாதம், எந்த உயரம் என்று விரல்வைத்துக் காட்டியிருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெருநாரையை யாரும் வரைவதில்லை. அறுவடை முடிந்த வயலிலும் வற்றிய குளத்திலும் தனியாக நிற்குமே, மொட்டைத் தலையும் மஞ்சள் கழுத்தும் தடித்த சொண்டுமாக, ஏதோ யோசனையில் இருப்பது போல, அதுதான். உலக அளவிலேயே குறைந்துவரும் பறவை. அழகில்லை என்று அதை ஒதுக்குகிறோம். சேற்றில் நண்டும் தவளையும் மீனும் இருக்கும் வயலில்தான் அதற்குச் சாப்பாடு. அது நிற்கிறதென்றால் அந்த வயலில் இன்னும் உயிர் இருக்கிறது. நான் போட்டி நடத்துகிறவராக இருந்தால் முதல் தலைப்பாக அதைத்தான் கொடுப்பேன். மொட்டைத் தலையின் சுருக்கத்தைப் பென்சிலால் பிடிக்கிற பிள்ளைக்குக் கை நன்றாகத் திரும்பும்.

மயிலைப் பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. எங்கள் பக்கம் மயில் கூடிவிட்டது, பயறு உளுந்து முளைத்ததும் கொத்தித் தள்ளுகிறது என்பது கமக்காரர் எல்லோரும் சொல்கிற முறைப்பாடு. 2025 மார்ச் 15 காலை 8 மணியிலிருந்து ஐந்து நிமிடம், நாடு முழுக்கத் தத்தமது காணியில் நிற்கும் குரங்கையும் மயிலையும் மர அணிலையும் எண்ணச் சொல்லி அரசாங்கம் படிவம் கொடுத்தது. கீயாவின் கதையைப் படித்தவருக்கு அந்தப் படிவத்தைப் பார்த்ததும் உள்ளே ஒரு பதற்றம் வந்திருக்கும். எண்ணுவது தப்பில்லை. எண்ணிய பிறகு என்ன செய்யப் போகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தென்தீவின் மேய்ப்பருக்கு நட்டம் உண்மை. அதற்குத் தீர்வாகச் சொண்டுக்குக் காசு கொடுத்தது நூறு வருடப் பிழை. மயிலின் தோகையை மட்டும் வரைந்து பாடசாலைச் சுவரில் மாட்டினால், காணியில் விதையைப் பறிகொடுத்தவர் அதைப் பார்த்து எரிச்சல்தான் படுவார். அவருடைய முளையையும், அதைக் காக்க வலை கட்டும் அவருடைய கையையும், வலைக்கு வெளியே நிற்கும் மயிலையும் சேர்த்து வரைந்தால், அவர் நின்று பார்ப்பார். தன் பக்கமும் படத்தில் இருக்கிறதென்று தெரிந்தால் மனிதர் பேச வருவார்கள்.

எங்கே மாட்டுவது என்பதும் முக்கியம். அதிபர் அறைச் சுவரில் மாட்டிய படத்தைப் பறவையை வலைபோட்டுப் பிடிப்பவர் பார்க்கமாட்டார். மீன்வாடி, கமநல சேவை நிலையம், பஸ் தரிப்பிடம், குளக்கட்டில் துருசுக்குப் பக்கத்து மதில், இவைதான் சரியான இடங்கள். தோணிக்காரர் காலையில் படத்தில் கண்ட பறவையை மத்தியானம் களப்பில் காண வேண்டும். பறவை நிற்கும் இடத்துக்கும் படம் இருக்கும் இடத்துக்கும் நடக்கிற தூரம் குறையக் குறைய நல்லது.

காலமும் அப்படித்தான். எங்கள் சித்திரப் போட்டிகள் பெரும்பாலும் ஜூன் 5 சுற்றாடல் தினத்தை ஒட்டி வருகின்றன. அந்த நேரம் வலசைப் பறவைகளில் பெரும்பாலானவை இங்கே இல்லை, கோடை காய்கிறது, குளம் வற்றுகிறது. பிள்ளை என்ன செய்யும்? தொலைபேசியில் தேடி யாரோ எடுத்த ஒளிப்படத்தைப் பார்த்து வரையும். லண்டனில் இருந்து தோலைப் பார்த்து வரைந்தவரின் நிலைதான் அதுவும். உலக வலசைப் பறவைகள் தினம் ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது, மே மாதத்திலும் ஒக்ரோபரிலும். போட்டியை ஒக்ரோபருக்கு மாற்றிப் பிள்ளைகளைக் கரைக்கே கூட்டிப்போகலாம். காகிதமும் பென்சிலும் போதும், நிறம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆனால் மதில் ஓவியம் என்றால் மாரிக்கு முன் செப்ரெம்பரிலேயே முடிக்க வேண்டும். பழைய சுண்ணாம்பைச் சுரண்டி, அடிப்பூச்சு காய்ந்த பிறகுதான் படம் போட வேண்டும். ஈரச் சுவரில் போட்டால் மார்கழிக்குள் உரிந்துவிடும், பறவைகள் வந்திருக்கும் மாதமே அதுதான்.